பெற்றோரின் மணவாழ்வுப் பொன்விழாவை எங்கே, எப்படி நடத்துவது?

வலங்கைமான் மகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 1976 ஆவணியில் மணம் முடித்த என் பெற்றோருக்கு வரும் ஆவணியோடு 50 ஆண்டுகள் நிறைகின்றன. அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இன்றும் இருவருமாக நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பிள்ளைகள் மூவரும் வெளியூரில் வசிக்கிறோம். திருக்கடையூருக்கு அழைத்துச் சென்று மறுபடியும் தாலி கட்ட வைக்க வேண்டும் என்பது அண்ணனின் விருப்பம். கும்பகோணத்தில் பெரிய மண்டபம் பிடித்து உறவினர் அனைவரையும் அழைக்க வேண்டும் என்கிறார் அக்கா. அப்பாவோ, "இந்த வயதில் எங்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்கிறார். அம்மா, "உங்கள் இஷ்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தங்களுக்காக எதையுமே கேட்டுப் பெறாத இருவரையும் மனம் குளிர வைக்க என்ன செய்யலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குத்தாலத்துக்காரர்:

தங்கள் பெற்றோருக்கு என் வணக்கங்கள். திருக்கடையூரைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மார்க்கண்டேயருக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம், அட்ட வீரட்டானங்களுள் ஒன்று என்பதால், அங்கே நடக்கும் சாந்திகள் ஆயுளை வேண்டிச் செய்யப்படுபவை. அவை கணவரின் வயதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்து ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் என்பது வழக்கம். மணநாளின் ஐம்பதாம் ஆண்டுக்கென்று இந்த வரிசையில் தனிச் சடங்கு இல்லை. அப்பாவுக்குச் சதாபிஷேகம் சில ஆண்டுகளில் வரவிருப்பதால், பெரிய அளவிலான ஹோமத்தை அதற்கென வைத்துக்கொண்டு, இப்போது அபிராமி அம்மனையும் அமிர்தகடேசுவரரையும் அமைதியாகத் தரிசித்துவிட்டு வருவதே நல்லது என்பேன். முகூர்த்த நாள்களில் அந்தப் பிராகாரத்தில் தம்பதியர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். புகையிலும் நெரிசலிலும் நெடுநேரம் உட்காருவது முதியவர்களுக்குச் சிரமம் என்பதால், கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துச் செல்லுங்கள்.

மன்னார்குடி மகள்:

அம்மா சொன்ன "உங்கள் இஷ்டம்" என்பதை விடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொன்னார். பரணில் இருந்த அவர்களுடைய கல்யாண மொய் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிய பிறகுதான் மனத்தில் இருந்தது வெளியே வந்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி; அதன் கீழே ஊர்ப்பெயர், ஆள் பெயர், ஐந்து ரூபாய், பதினோரு ரூபாய் என்று ஊதா மையில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, இவர் இருக்கிறார், இவர் போய்விட்டார், இவரைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். யாரை அழைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் எங்களுக்குத் தீர்மானித்துக் கொடுத்தது. பெரிய மண்டபத்துக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அன்றைய பந்தலில் நின்று ஆசீர்வதித்தவர்களில் இன்று எஞ்சியிருப்போரை வண்டி அனுப்பியாவது அழைத்து வருவது அதைவிடப் பல மடங்கு மேலானது. அழைப்பிதழிலேயே மொய் வாங்குவதில்லை என்று அச்சிட்டுவிடுங்கள். விருந்தைச் சமையற்காரரிடம் ஒப்படைத்து, அம்மாவை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் பரிமாறியவர், அன்றாவது முதல் பந்தியில் அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடட்டும்.

ஆடுதுறை விவசாயி:

விழாவை ஊரிலேயே வையுங்கள் என்பது என் கருத்து. ஆவணியில் குறுவைப் பயிர் வயலில் நிற்கும். சம்பாவுக்கு நாற்றங்கால் வேலையும் தொடங்கிவிடும். தண்ணீர் பாய்ச்சும் முறையை விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூரில் தங்க எந்த விவசாயிக்கும் மனம் ஒப்பாது. அப்பாவின் தயக்கத்துக்குச் செலவு மட்டும்தான் காரணமா, வயலும் மாடுமா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். வாசலில் பந்தலிட்டு, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதிய உணவோடு முடித்துவிட்டால் முதியவர்கள் பொழுதோடு வீடு திரும்பலாம். நாகசுரம் கட்டாயம் இருக்கட்டும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் மண்ணில் ஒலிநாடாவை ஓடவிட்டு மாலை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. புடவையை நீங்களாக வாங்கி வராமல், அம்மாவைத் திருபுவனத்துக்கு அழைத்துச் சென்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நினைவாக ஏதேனும் தர நினைத்தால், நாச்சியார்கோவில் அன்னக் குத்துவிளக்கு ஒரு ஜோடி போதும்.

வலங்கைமான் மகன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அப்பாவிடம் தனியாகப் பேசினேன். மாட்டுக்கும் வயலுக்கும் ஆள் ஏற்பாடு செய்தாலும், ஊரை விட்டு வெளியே விழா வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை என்பது தெளிவாகிவிட்டது. அண்ணனும் அக்காவும் வாசல் பந்தலுக்குச் சம்மதித்துவிட்டார்கள்; திருக்கடையூர் தரிசனத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்கிறோம். மொய் நோட்டு கிடைத்துவிட்டது. அதில் உள்ள முதியவர்களின் இன்றைய முகவரிகளை அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார். ஆடி முடிவதற்குள் ஒவ்வொருவரையும் நேரில் சென்று அழைக்கவிருக்கிறோம்.