புதுப்பிப்பு: பின் சஸ்பென்ஷன் ஆட்டம், காரணம் கிடைத்தது

என் மவுண்டன் சைக்கிளின் சீட்டைப் பிடித்துத் தூக்கினால் பின்பக்கம் 'டொக்' என்று ஆடுகிறது, பிவட் பேரிங் (பின் சட்டம் அசையும் மூட்டிலுள்ள பேரிங்) போய்விட்டதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பேரிங் இல்லை. ஷாக்கை (அதிர்வு தாங்கும் ஷாக் அப்சார்பர்) கழற்றிவிட்டுப் பின் சட்டத்தை மட்டும் அசைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, பக்கவாட்டில் துளி ஆட்டமில்லை. தேய்ந்திருந்தது ஷாக்கின் முனையிலுள்ள புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் சிறு வளையம்). அதை முதலில் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. பேரிங் செட்டே வாங்கவிருந்தேன்.

கையோடு ஷாக்கின் ஏர் கேன் (காற்று நிரம்பியிருக்கும் உறை) சீல்களையும் மாற்றினேன். திறக்குமுன் காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகும் ஷாக் சுருங்கியே நின்றால் நெகட்டிவ் அறையில் (ஷாக்கைச் சுருங்கும் பக்கம் தள்ளும் இரண்டாவது காற்றறை) காற்று சிக்கியிருக்கிறது; தயவுசெய்து திறக்காதீர்கள். திரும்ப நிரப்பும்போது இடையிடையே மெதுவாக அமுக்கிவிட்டேன், இரு அறையிலும் அழுத்தம் சமமாக. ஏறி உட்கார்ந்தால் ஷாக் தன் முழு நகர்வில் 30% இறங்குகிறது. சத்தம் அறவே இல்லை.