கைவிட்ட கல்குவாரியில் பம்ப்டு ஸ்டோரேஜ்: 25 மெகாவாட்டுக்குக் கீழே என்றால் அனுமதியே வேண்டாமா?

கண்மாய்க்கரை எழுதியது:

திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவில் நாலு புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பொதுவான பட்டா நிலத்தில் ஒரு பழைய கல்குவாரி கிடக்கிறது. குத்தகை முடிந்துவிட்டது. குழியின் பரப்பு சுமார் 1 ஹெக்டேர், ஆழம் 40 மீட்டர், அடியில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். பகலில் சோலார் கரண்டில் தண்ணீரை மேலே ஒரு குளத்துக்கு ஏற்றி, சாயங்காலம் குழிக்குள் இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது. 2 மெகாவாட்தானாம். 25-க்குக் கீழே என்பதால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்கிறார்கள். பங்காளிகளில் பாதிப்பேர் கையெழுத்துக்குத் தயார்.

இது உண்மைதானா? வேறு என்னென்ன காகிதம் வேண்டும்? இன்னொன்று, அதே கம்பெனி மேற்கே மலையில் ஆற்றை மறித்து 60 மெகாவாட் திட்டம் போடுகிறதாம், அதிலும் பங்கு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த அளவில் அனுமதி எப்படி நடக்கும், எத்தனை வருஷம் பிடிக்கும்?

சுழலி எழுதியது:

அனுமதியைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கு. மேலே 10 மீட்டர் ஆழத்தில் 1 லட்சம் கனமீட்டர் குளம் என்று வைப்போம். சராசரி இறக்கம் 40 மீட்டர். 1 லட்சம் × 1000 × 9.81 × 40 = 3,924 கோடி ஜூல். ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல் என்று வகுத்தால் 10,900 யூனிட், டர்பைன் திறன் 90 சதவீதம் என்றால் 9,800. ஆக 2 மெகாவாட் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதைத் திருப்பி ஏற்ற 12,500 யூனிட் வரை செலவாகும். கம்பெனி சொன்ன 2 மெகாவாட் பொய் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். உங்கள் ஊர் தட்டை நிலம், மலை இல்லை. குழியின் ஆழம்தான் இறக்கம். மேல்குளம் நிரம்பி, குழி காலியாக இருக்கும்போது இறக்கம் 50 மீட்டர். ஓடி முடியும்போது மேலே 10 மீட்டர் வடிந்து, கீழே 10 மீட்டர் ஏறி, 30 மீட்டர்தான் மிஞ்சும். 50-க்கு 30 என்றால் விகிதம் 1.67. ஒரே வேகத்தில் சுற்றும் பம்ப்-டர்பைனுக்கு 1.25, 1.3 தாண்டினாலே திறன் சரியும், அதிர்வும் கேவிட்டேஷனும் (நீர்க்குமிழி உடைந்து உலோகத்தை அரிப்பது) வரும். பம்பைத் தனியாகவும் டர்பைனைத் தனியாகவும் போட வேண்டும், இல்லையென்றால் வேகம் மாற்றும் டிரைவ் வேண்டும். இரண்டுமே விலையை ஏற்றும். கம்பெனியின் மதிப்பீட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது நிலம். 10 மீட்டர் தண்ணீருக்கு மண்கரை போட்டு, இரு பக்கமும் 2.5-க்கு 1 சரிவும் மேலே 4 மீட்டர் அகலமும் வைத்தால் கரையின் அடி அகலம் மட்டும் 54 மீட்டர். பாதி ஆழத்தில் 100-க்கு 100 இருக்கும் குளத்துக்கு வெளிவிளிம்பு 183-க்கு 183 வரும். 3.3 ஹெக்டேருக்கு மேல், கரைக்கு மேலே விடும் கூடுதல் உயரம் சேர்க்காமலே. "குழி இருக்கிறது, வேறு நிலம் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அது தவறு.

தண்ணீரும் அப்படித்தான். குளமும் குழியும் சேர்த்துத் திறந்த நீர்ப்பரப்பு சுமார் 2.5 ஹெக்டேர். நம் பக்கம் ஆவியாதல் வருஷத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாது, மழை சுமார் 90 சென்டிமீட்டர். பற்றாக்குறை 60 சென்டிமீட்டர் என்றாலும் வருஷத்துக்கு 15,000 கனமீட்டர் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 1,250 நடை. குழியின் ஊற்று அதைக் கொடுக்குமா என்பதற்கு ஒரு கோடை முழுக்கத் தண்ணீரை இறைத்து, ஏறும் வேகத்தை அளந்த ஏடு வேண்டும். வெடி வைத்து உடைத்த பாறைச் சுவர் என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் 10 மீட்டர் ஏறி இறங்கினால் வெடிப்புக்குள் நிற்கும் நீர் வெளியே தள்ளும், கல் சரியும்.

பெரியண்ணன் எழுதியது:

கரை 10 மீட்டருக்கு மேல் போனால் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 வந்துவிடுமே. 10 முதல் 15 மீட்டர் உயரத்துக்குள் இருந்து, உச்சி நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது சட்டப்படி குறிப்பிட்ட அணை. சுழலி சொன்ன அளவில் சுற்றுக்கரையின் உச்சி 516 மீட்டர் வருகிறது.

கோப்புக்கட்டு எழுதியது:

பெரியண்ணன் நல்ல இடத்தைத் தொட்டார். ஆனால் அந்தச் சட்டத்தில் அணை என்பது ஆற்றுக்கோ துணையாற்றுக்கோ குறுக்கே கட்டியது. மேட்டு நிலத்தில் தனியாக நிற்கும் சுற்றுக்கரை அதில் வராது என்று வாதாட இடம் உண்டு. வாதத்தில் ஜெயித்தாலும் கரை உடைந்தால் கீழே இருப்பது உங்கள் ஊர்தான், அதனால் உடைப்பு வெள்ளக் கணக்கும் கசிவு அளவியும் இல்லாத வடிவமைப்பை ஏற்க வேண்டாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் அட்டவணையில் 1(சி) நதிப்பள்ளத்தாக்குத் திட்டங்கள். நீர்மின்சாரத்தில் பெரிய திட்டங்கள் ஏ வகை, டெல்லி அமைச்சகம் முடிவு செய்யும். 25 மெகாவாட்டில் தொடங்கி ஏ வகைக்குக் கீழே உள்ளவை பி வகை, மாநில ஆணையம். 25-க்குக் கீழே அட்டவணையிலேயே இல்லை. ஆக இ.சி., அதாவது சுற்றுச்சூழல் அனுமதி, வேண்டாம் என்று கம்பெனி சொன்னது சரி. மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலும் 25-க்குக் கீழ் உள்ள சிறு நீர்மின் நிலையம் வெள்ளை வகை, இசைவாணை கிடையாது, தகவல் கொடுத்தால் போதும்.

ஆனால் இ.சி. இல்லை என்பதும் அனுமதி இல்லை என்பதும் ஒன்றல்ல. முதல் முட்டுக்கட்டை குவாரிதான். உங்கள் குவாரிக்குச் சுரங்கத் திட்டம் இருந்திருக்கும், இ.சி.யும் இருந்திருக்கலாம். இரண்டிலும் மூடல் நிபந்தனை இருக்கும்: சுற்றி வேலி, மரம் நடுதல், சில இடத்தில் குழியை மழைநீர்த் தேக்கமாக விடுவது. அதை நிறைவேற்றிக் கனிமவளத் துறை உதவி இயக்குநரிடம் பாக்கியில்லாச் சான்று வாங்காமல் குழிக்குள் புது வேலை தொடங்கினால், சிறு கனிம விதிகளை மீறியதாக நோட்டீஸ் பட்டாதாரர் பேருக்குத்தான் வரும், கம்பெனி பேருக்கு அல்ல. குழியை ஆழப்படுத்த ஒரு லோடு கல் எடுத்தாலும் அது புதிதாகக் குவாரி நடத்துவது, அதற்குத் தனி அனுமதி.

கரைக்கான மண்ணை எங்கே எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கண்மாய்ச் சவுடு என்றால் அதற்கும் உத்தரவு வேண்டும். திருமயம் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கையில் உள்ளது. அந்த மாதிரிச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான். நம் பக்கம் குன்று இருந்தால் குடைவரை இருக்கும், ஆகவே சர்வே எண்ணை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

பெரிய திட்டத்தை 24, 24.5 மெகாவாட் என்று நறுக்கி அடுத்தடுத்து வைக்கிற பழக்கமும் உண்டு. ஒரே நீர், ஒரே மின்கம்பி, ஒரே உரிமையாளர் என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அதை ஒரே திட்டம் என்று யாரும் கேள்வி எழுப்பலாம். பி வகைக்கு இன்னொரு பொது நிபந்தனை: வேட்டங்குடி மாதிரிப் பறவைகள் சரணாலயத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் கோப்பு மாநிலத்தைத் தாண்டி டெல்லிக்குப் போகும். உங்கள் 2 மெகாவாட்டுக்கு இது பொருந்தாது.

ராசு_தேவகோட்டை எழுதியது:

அப்ப பக்கத்துக் கண்மாயில் இருந்து ஒரு தடவை நிரப்பிக்கிட்டா போதும்ல? ஒரே தண்ணிதானே திரும்பத் திரும்ப ஓடுது.

கோப்புக்கட்டு எழுதியது:

தம்பி, சுழலி சொன்ன 15,000 கனமீட்டரைத் திரும்பப் படியுங்கள், ஒரு தடவையோடு நிற்காது. கண்மாய்த் தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுடையது, மடை திறப்பதற்கே ஊர் முறை இருக்கிறது. நீர்வளத் துறை அனுமதி இல்லாமல் மோட்டார் வைத்தால் திட்டம் அன்றே நின்றுவிடும். இந்தத் திட்டத்தில் கழுத்தைப் பிடிக்கப்போவது தண்ணீர்தான், இ.சி. அல்ல.

மலைநீர் எழுதியது:

60 மெகாவாட் பற்றி. அது அட்டவணையில் வரும், இ.சி. வேண்டும். பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம், பிறகு நிபுணர் குழு ஆய்வு வரம்பை முடிவு செய்யும், பேச்சில் டி.ஓ.ஆர். என்பார்கள். நீர்மின் திட்டத்துக்கு அது 5 வருஷம் செல்லும். பிறகு 10 கிலோமீட்டர் சுற்றளவில் மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் என்று மூன்று பருவத் தரவு. அதற்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம். பிறகு வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், இறுதி அறிக்கை, மறுபடி நிபுணர் குழு. விதிப்படி மதிப்பீட்டுக்கு 60 நாள், ஆணைக்கு 45 நாள். நடைமுறையில் எல்லாம் சேர்த்து இரண்டரை வருஷத்துக்குள் முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். காட்டு நிலம் இருந்தால் முதல்நிலை, இறுதிநிலை என்று வன அனுமதிக்குத் தனிக் கோப்பு, இழக்கும் காட்டுக்கான நிகர மதிப்புத் தொகை, ஈட்டு மரநடவு, 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைகளைத் தீர்த்தல். புலிகள் காப்பகம் தொட்டால் தேசியப் புலிகள் ஆணையமும் வனவிலங்கு வாரியமும்.

பங்கு எடுப்பவர் அறிக்கையில் பார்க்க வேண்டியது மூன்றே பகுதிகள். மற்றதெல்லாம் ஒட்டி வெட்டியதாக இருக்கும்.

ஒன்று, ஆற்றில் விட வேண்டிய ஓட்டம். நிபுணர் குழு வழக்கமாகக் கேட்பது: 90 சதவீத நம்பக ஆண்டில் (பத்தில் ஒன்பது வருஷம் கிடைக்கும் அளவு நீர் ஓடும் ஆண்டு), வறண்ட நான்கு மாதச் சராசரியில் 20 சதவீதம், மழைக்காலத்தில் 30, இடைப்பட்ட மாதங்களில் 20 முதல் 25 வரை. கம்பெனி கணக்கில் இந்த நீரைக் கழித்துத்தான் யூனிட் போட்டிருக்கிறதா? கழிக்காமல் போட்டிருந்தால் வருமானம் காகிதத்தில் மட்டும்தான். நீரை எப்படி விடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஷட்டரைத் திறந்து விடுவோம் என்றால் ராத்திரி மூடிவிடுவார்கள். கதவே இல்லாத துளை வேண்டும். வறண்ட சராசரி வினாடிக்கு 2 கனமீட்டர் என்றால் 20 சதவீதம் 0.4. குறைந்தபட்ச நீர்மட்டத்திலிருந்து துளை 5 மீட்டர் கீழே இருந்தால் வேகம் வினாடிக்கு 9.9 மீட்டர், குணகம் 0.6 போட்டால் பரப்பு 0.067 சதுரமீட்டர். கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் விட்டக் குழாய். வரைபடத்தில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டு, தோண்டிய கல்மண். சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்த பாறை 40, 50 சதவீதம் உப்பும். அந்த உப்பலைச் சேர்க்காமல் கொட்டுமிடத்தின் கொள்ளளவைப் போட்டிருப்பார்கள், பாதி வேலையில் இடம் நிறைந்து ஆற்றோரம் தள்ளுவார்கள். உத்தரகண்ட் ஸ்ரீநகரில் 330 மெகாவாட் திட்டத்தின் கல்மண் 2013 ஜூன் வெள்ளத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் 9 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கட்டச் சொன்னது. தாங்குசுவர் முதலில், கொட்டுதல் பிறகு. கட்டுமான அட்டவணையில் அந்த வரிசை இருக்க வேண்டும்.

மூன்று, உயிரினப் பட்டியல். அருணாசலத்தில் 780 மெகாவாட் நியாம்ஜாங் சூ திட்டத்துக்கு 2012-இல் கொடுத்த இ.சி.யை 2016-இல் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. அங்கே குளிர்காலத்தில் வந்து தங்கும் கருங்கழுத்துக் கொக்கு ஆய்வில் சரியாக வரவில்லை. ஒரு பறவையை விட்டதற்கு நாலு வருஷம் போச்சு.

கண்மாய்க்கரை எழுதியது:

நன்றி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசினால் எடுபடுமா? அந்த மலையடிவாரத்தில் எங்கள் சொந்தக்காரர்களுக்கும் தோட்டம் இருக்கிறது.

மலைநீர் எழுதியது:

பேசலாம், ஆனால் எழுத்தில் கொடுப்பதுதான் நிற்கும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு தேசிய நாளிதழ் ஒன்றிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி உள்ளிட்ட இடங்களில் வைக்கப்படும். அந்த 30 நாளில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். "அணை வேண்டாம்" என்று எழுதினால் அறிக்கையில் "பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். "வரைவு அறிக்கையின் இந்தப் பக்கத்தில் கோடைத் தரவு எடுத்ததாகச் சொல்லும் இடம் நீரே இல்லாத ஓடை, மாதிரி எங்கே எடுத்தீர்கள்?" என்று எழுதினால் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்துக்கு ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது, பத்துப்பேர் வந்தாலும் நடந்ததுதான். முடிவில் வாசிக்கும் தமிழ்த் தொகுப்பில் உங்கள் பாயிண்ட் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். விட்டுப்போனால் வீடியோவைத் தேடி யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் கூட்டம் தாமதமான இடம். எதை அளக்க வேண்டும் என்று டி.ஓ.ஆர். கட்டத்தில் முடிவாகிவிடும். விண்ணப்பம் பரிவேஷில் ஏறிய அன்றே, அதைப் பார்ப்பது அமைச்சகமோ மாநில ஆணையமோ, அங்கே கடிதம் போடுங்கள். ஆணை வந்த பிறகு என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60. அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கேட்க மாட்டார்கள்.

சுழலி எழுதியது:

பங்காளிகளிடம் சொல்ல ஒரு குறிப்பு. 60 மெகாவாட்டுக்குப் பரிவேஷில் திட்ட எண் கேளுங்கள், நிபுணர் குழுக் கூட்டக் குறிப்புகள் அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் இல்லையென்றால் விண்ணப்பமே போகவில்லை. இ.சி. வருமுன் நிலத்துக்கு வேலி தவிர எந்த வேலையும் செய்யக் கூடாது, ஆகவே "ரோடு போட ஆரம்பிச்சாச்சு" என்றால் அது நல்ல செய்தி அல்ல. குவாரிக்கு: குழியின் டி.ஜி.பி.எஸ். சர்வே (செயற்கைக்கோள் வைத்துத் துல்லியமாக அளந்தது), ஊற்று அளந்த ஏடு, மூடல் சான்று, மேல்குளத்துக்கான நிலத்தின் பட்டா எண். நாலும் கைக்கு வராமல் கையெழுத்து வேண்டாம் அண்ணே.