காசு வந்த மாதம்

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே. கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருசம் செயலாளராக இருந்தேன். நம் பக்கத்து வேலைகள் ஏன் அரைகுறையாகக் கிடக்கின்றன என்று கேட்டால் காசில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் கண்டது வேறு. காசு வந்தது. வந்த மாதம்தான் பிழை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு சாமான் ஏற்றுகிற கஷ்டம் பெரிதாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் வாவியைக் கடக்க, சீமெந்து லொறி பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றும் படகுக்கு, காத்து நிற்க வேண்டும். அதனால் இனி எல்லாம் சுகமாக நடக்கும் என்று நம்பினோம்.

வயலுக்குப் போகிற வீதியில் 150 மீற்றருக்குக் கொங்கிரீட்டும், வீதிக்குக் கீழால் தண்ணீர் போக ஒரு மதகும் கிடைத்தன. மதிப்பீடு எடுத்தது பங்குனியில். ஒப்பந்தம் கையெழுத்தானது புரட்டாதியில். நிலம் காய்ந்து இறுகிக் கிடந்த மாதமெல்லாம் கோப்பு மேசைக்கு மேசை போனது. நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடியும். அதற்குள் பில் கொடுக்காவிட்டால் மிச்சக் காசு திரும்பிவிடும். நமக்கோ ஒக்டோபர் தொடங்கினால் ஜனவரி வரை மாரிமழை. முன்மாரி விதைப்பும் அதோடுதான். கூலிக்கு ஒரு ஆள் பிடிக்க முடியாது.

மதகுக்கு இடம் அளக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்த அன்று வெயில் கொளுத்தியது. வயல், தண்ணீர் விசயங்களைப் பார்த்துவந்த பழைய வட்டவிதானை ஒருவர் அவரை மருதமரத்தடிக்குக் கூட்டிப்போய், இடுப்பு உயரத்தில் சேறு பிடித்த கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, தண்ணி அங்கால வராது. 2011 வெள்ளமும் இந்த மருதடியாலதான் பாஞ்சது. மதகை இஞ்ச போடுங்க."

உத்தியோகத்தர் மரியாதையாகக் கேட்டார், கொப்பியில் குறித்தும் கொண்டார். ஆனால் இடத்தை மாற்றினால் மதிப்பீடு மறுபடியும் அனுமதிக்குப் போகவேண்டும், போனால் டிசம்பர் தாண்டிவிடும். அந்த மனிசன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கையைக் கட்டிவைத்தது கலண்டர்.

கார்த்திகையில் இரண்டு மழைக்கு நடுவே தறப்பாளைப் பிடித்துக்கொண்டு கொங்கிரீட் போட்டோம். மண்டபத்தில் அடுக்கியிருந்த சீமெந்தில் 11 பை ஈரம் ஏறிக் கல்லாகிப் போனது. மார்கழி வெள்ளம் மருதடியால் பாய்ந்து வீதி ஓரத்தைக் கிரவலோடு அள்ளிக்கொண்டு போனது. புது மதகுக்குள் சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. வட்டவிதானை வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சங்கங்களில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் கேட்கிறேன்: தண்ணீர் நிற்கும்போதே போய்ப் படம் எடுத்து வையுங்கள். எந்த மரத்தடியில் எவ்வளவு உயரம் என்று தடியை நட்டுக் காட்டி எடுங்கள். விண்ணப்பத்தோடு முதல் நாளே கொடுங்கள், மதிப்பீடு எழுதுவதற்கு முன்பே. மறுவருசம் அப்படிக் கொடுத்த படத்தை வைத்துத்தான் மருதடியில் குழாய் வைத்தார்கள்.

அந்த வேலைக்கும் காசு ஒக்டோபரில்தான் வந்தது.