உதவி: லிமோனீன் 1029-ல் வரணும், எனக்கு 590-ல் வருது

தைலம்_23 (காலை 11:52)
அவசரம், யாராவது சொல்லுங்க. ஜிசியில் (கலவையை வாயுவில் ஓட்டிப் பிரிக்கிற கேஸ் குரோமட்டோகிராஃப்) எண்ணெய் ஓட்டினேன். பெரிய பீக் (வரைபடத்தில் எழும் முகடு) 9.84 நிமிடத்தில், அதாவது 590 விநாடியில் வருது. அது லிமோனீன்ங்கிற மணப்பொருள். ஆனா ஒரு பேப்பரில் லிமோனீனுக்கு ஆர்ஐ (ரிடென்ஷன் இன்டெக்ஸ்) 1029, இன்னொன்றில் 1200னு போட்டிருக்காங்க. ஆளுக்கொரு நேரம் சொன்னா எதை நம்புறது? மெஷினில் கோளாறா? ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் பீக் வர்ற நேரத்தை (ரிடென்ஷன் டைம், ஆர்டி) "தக்கவைப்பு நேரம்"னு எழுதலாமா? சாயங்காலம் கைடு கேட்பாங்க.

செப்டம்_முதலில் (11:58)
1029-ல் வர வேண்டியது 590-ல் வந்தா கேரியர் கேஸ் (பொருளைச் சுமந்து போற வாயு) கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுது. ஃப்ளோவைப் பாருங்க. செப்டம் (ஊசி குத்துற இடத்து ரப்பர் அடைப்பு) கடைசியா எப்போ மாத்தினீங்க? எங்க லேபில் எந்தப் பிரச்சினையும் கடைசியில் செப்டத்தில்தான் போய் நிற்கும்.

மலைக்காற்று (12:03)
காலம் எது?

தைலம்_23 (12:05)
இன்று காலை 10 மணிக்கு. மொத்தம் 47 நிமிடம்.

மலைக்காற்று (12:06)
நேரத்தைக் கேட்கலை தம்பி, ஆங்கிலக் காலம் (column). அடுப்புக்குள் சுருட்டி மாட்டியிருக்கிற மெல்லிய குழாய். அதில் ஒரு அட்டை தொங்கும், என்ன எழுதியிருக்குனு பாருங்க. வெப்பநிலையும் சொல்லுங்க.

தைலம்_23 (12:14)
மன்னிக்கணும் சார். டிபி-5 (உள்ளே முனைவு குறைந்த படலம் பூசின குழாய்), 30 மீட்டர், 0.25 மிமீ, 0.25 மைக்ரான். ஹீலியம். 60 டிகிரியில் 2 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 4 டிகிரி ஏற்றி 240 வரை. டிடெக்டர் எஃப்ஐடி (சுடரில் எரித்து அளக்கிறது). செப்டம் போன வாரம்தான் மாத்தினோம்.

மூத்தபீக் (12:20)
இதெல்லாம் முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும். ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, பேப்பரின் செய்முறைப் பகுதியையும் படிக்க வேண்டும். ஆர்ஐ விநாடி அல்ல. அதற்கு அலகே கிடையாது. செப்டம் கசிந்தால் பீக் தாமதமாகுமே தவிர முந்தாது. இரண்டையும் அடிப்படைப் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

மலைக்காற்று (12:31)
சரியாத்தான் சொன்னார், ஆனா தம்பிக்கு இதில் கணக்குப் போட வராது. நான் விரித்துச் சொல்றேன்.

9.84 நிமிடம் என்பது உங்க கருவிக்கும் அந்த நாளுக்கும் சொந்தமான எண். குழாயில் அரை மீட்டர் வெட்டினாலே மாறிடும். அதனால்தான் 1958-ல் கோவாட்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு வழி வைத்தார். நேர்ச்சங்கிலி அல்கேன்களை மைல்கற்களா நட்டுவிடுவது. 10 கார்பன் உள்ள டெக்கேன் 1000, 11 கார்பன் உள்ள அன்டெக்கேன் 1100. உங்க பொருள் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்குதுங்கிறதுதான் குறியெண். 1029 என்றால் டெக்கேனைத் தாண்டி நூற்றில் 29 பங்கு தூரம்.

கோவாட்ஸ் சூத்திரம் ஒரே வெப்பநிலையில் ஓட்டுவதற்கானது, அதில் மடக்கை வரும். நீங்க வெப்பநிலையை ஏற்றிக்கிட்டே போறதால நேர்விகிதமே போதும் (1963-ல் வந்த முறை). உங்க பீக் நேரத்தில் டெக்கேன் நேரத்தைக் கழியுங்க. அதை அல்கேன்கள் இரண்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, 1000-ஐக் கூட்டுங்க. இதே புரோகிராமில் அல்கேன் கலவையை ஓட்டினாத்தான் கணக்கு நிற்கும்.

1200 போட்டவர் வாக்ஸ் என்ற படலம் பூசிய குழாய் வைத்திருப்பார். அந்த முனைவுள்ள படலத்தில் அல்கேன்கள் சீக்கிரம் நழுவிடும். லிமோனீனுக்கு இரட்டைப் பிணைப்பு இருக்கிறதால கொஞ்சம் கூடுதலா ஒட்டும். மைல்கல் முன்னே போனதால எண் கூடுது. பேப்பர் இரண்டுமே சரிதான்.

சொல்தேடி (12:44)
தமிழ்ச்சொல் பற்றி யாரும் பேசவில்லையே. "தக்கவைப்பு" வேண்டாம், "தங்கு நேரம்" என்று எழுதுங்கள். சுருக்கமாகவும் இருக்கிறது, பொருள் குழாயில் தங்குகிற நேரம் என்பதும் சட்டென்று புரிகிறது. இன்டெக்ஸைக் குறியீடு என்றால் சின்னம் என்றும் பொருள் வரும், ஆகவே "தங்கு குறியெண்".

மூத்தபீக் (12:50)
அறிவியல்படி தவறு. எந்தப் பொருளும் வாயுவில் மிதந்து செல்லும் நேரம் ஒன்றுதான், அது வெற்று நேரம். படலத்தில் தங்குவது அதற்கு மேற்பட்ட நேரம் மட்டுமே. 9.84-ல் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மொத்தத்தையும் "தங்கு நேரம்" என்றால் வெற்று நேரத்தைக் கழித்து வருவதை என்னவென்று சொல்வீர்கள்?

சொல்தேடி (12:57)
"திருத்திய தங்கு நேரம்". வழியில் நடக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் "ஊரில் இரண்டு நாள் தங்கினேன்" என்கிறோம். சொல் அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை. "வண்ணப்பிரிகை" (குரோமட்டோகிராஃபி) என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, ஜிசியில் எங்கே வண்ணம்? 1906-ல் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் இலை நிறமிகளைப் பிரித்தபோது வைத்த பெயர் அது. ரஷ்ய மொழியில் அவர் குடும்பப் பெயருக்கே நிறம் என்றுதான் பொருள். 1952-ல் ஜேம்ஸும் மார்ட்டினும் வாயுவைக் கொண்டு பிரித்த கொழுப்பு அமிலங்களில் நிறம் ஏது? பெயர் அப்படியே நின்றுவிட்டது.

செப்டம்_முதலில் (1:02)
லேபில் எல்லாரும் ஆர்டி, ஆர்ஐன்னுதான் சொல்றோம். காலம்னு எழுதினா என்ன குழப்பம்னு மேலேயே பார்த்தோம். முதலில் அதற்கு ஒரு சொல் சொல்லுங்க.

சொல்தேடி (1:04)
குழல்.

மூத்தபீக் (1:06)
உள்ளே துகள் பொதித்த குழாய்க்கும் உட்சுவரில் படலம் பூசிய நுண்குழாய்க்கும் ஒரே சொல்லா? இழையைத் திசைதிருப்பாதீர்கள்.

வேதியக்கா (1:15)
எல்லாரும் ஒன்றைக் கேட்காமலே விட்டுட்டீங்க. தம்பி, அது என்ன எண்ணெய்?

தைலம்_23 (1:21)
நீலகிரித் தைலம் அக்கா. யூகலிப்டஸ் குளோபுலஸ் இலை, நாங்களே ஆவியில் வடித்தது.

வேதியக்கா (1:29)
அப்போ பெரிய பீக் லிமோனீன்னு எப்படி முடிவு பண்ணீங்க? குளோபுலஸ் எண்ணெயில் மிகுதியா இருக்கிறது 1,8-சினியோல். டிபி-5-இல் லிமோனீன், சினியோல், பீட்டா ஃபெலாண்ட்ரீன் மூன்றும் 1030-ஐ ஒட்டித்தான் வரும். எஃப்ஐடி எதுவானாலும் ஒரே மாதிரி எரித்துக் காட்டிடும், ஆளை அடையாளம் சொல்லாது. குறியெண் பொருந்தினதால மட்டும் பெயர் எழுதிடாதீங்க. லிமோனீன் பாட்டில் இருந்தா ஒரு துளியைச் சாம்பிளில் சேர்த்து ஓட்டுங்க. அதே பீக் வளருதா, பக்கத்தில் தோள் (பீக்கின் ஓரத்தில் சின்னப் புடைப்பு) முளைக்குதானு பாருங்க. சாம்பிளை நல்லா நீர்க்கச் செய்யணும், இல்லேன்னா பீக் பருத்துத் தோள் உள்ளே மறைஞ்சிடும்.

மலைக்காற்று (1:33)
அக்கா சொல்வதுதான் சரி. லிமோனீன்னு எழுதியிருந்ததை நானும் அப்படியே எடுத்துக்கிட்டேன்.

மூத்தபீக் (1:40)
எம்எஸ் (மூலக்கூறு நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) இருந்தால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். லிமோனீன் 136, சினியோல் 154. பக்கத்துத் துறையில் கேளுங்கள்.

தைலம்_23 (மறுநாள் மாலை 6:10)
அல்கேன் ஓட்டினேன். டெக்கேன் 8.86, அன்டெக்கேன் 11.92. கணக்கில் 1032 வந்தது. லிமோனீன் சேர்த்ததும் 9.77-ல் முன்பக்கம் தோள் வந்தது, பெரிய பீக் வளரலை. சினியோல் பாட்டில் திங்கள்தான் கிடைக்கும். சுருக்கத்தில் "தங்கு நேரம்", "தங்கு குறியெண்"னு எழுதிட்டேன். நன்றி அக்கா, நன்றி சார்.

மூத்தபீக் (6:25)
வெற்று நேரம் எவ்வளவு?

சொல்தேடி (6:31)
தோளுக்கு 1030 வருகிறதே தம்பி, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.