அண்ணனுக்கு ஸ்ட்ரோக்: கோலாலம்பூரில் ரெஹாப் டாக்டரை எப்படிப் பார்ப்பது?

செந்தூல் தங்கச்சி:
அண்ணனுக்கு 49 வயது. பத்துமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தீபாவளி முடிந்த கையோடு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நடை ஓரளவு திரும்பி, கோல் ஊன்றிச் சமையலறை வரை போகிறார். கைதான் பிரச்சினை. விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றன, நகம் வெட்டுவதற்குள் அண்ணிக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தோளைத் தொட்டாலே கத்துகிறார். நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்க்கிறார், பிசியோ காலைப் பார்க்கிறார், முழு ஆளைப் பார்க்கத்தான் யாரும் இல்லை. வீட்டுக்கு வரும் பிசியோவுக்குத் தடவைக்கு 120 ரிங்கிட். பெரியம்மா வேறு ஊருத் (மலாய் மசாஜ்) போடுபவரைக் கூட்டி வரட்டுமா என்கிறார். இதற்கென்றே ரெஹாப் டாக்டர் உண்டாமே, எங்கே இருக்கிறார்கள்?

சேராஸ்வாசி:
உண்டு, தங்கச்சி. என் வீட்டுக்காரர் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், அதனால் இந்த வழி எங்களுக்குப் பழக்கம். பிசியோ வேறு, இவர் வேறு. இவர் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் ரெஹாபிலிட்டேஷன் மெடிசினில் ஸ்பெஷலிஸ்ட் ஆனவர். வலி, தசை இறுக்கம், சிறுநீர்ப் பிரச்சினை, எந்த வீல்சேர், மறுபடி கார் ஓட்டலாமா, எல்லாம் இவர் கணக்கில்தான். எங்கள் டாக்டர் முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் "உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும்?" என்றுதான் கேட்டார். அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை.

பண்டார் துன் ரசாக்கில் சேராஸ் ரெஹாபிலிட்டேஷன் மருத்துவமனை இருக்கிறது. அரசாங்கத்துடையது, இந்தத் துறைக்கென்றே உள்ளது. இன்னொன்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். கடிதம் இல்லாமல் போய் நிற்காதீர்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) "பெருபாத்தான் ரெஹாபிலிதாசி" என்று எழுதச் சொல்லுங்கள், ரெஹாபிலிட்டேஷன் மெடிசினுக்கு மலாயில் அதுதான் பெயர். வெறுமனே பிசியோ என்று எழுதினால் மறுபடி பிசியோ கவுண்டருக்கே அனுப்பிவிடுவார்கள். கை இறுக்கம், தோள் வலி, வேலைக்குத் திரும்பும் ஆசை, மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் காகிதம், ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி கிடைக்க நாளாகும், அதுவரை பிசியோவை விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற பிசியோ:
ஊருத் இப்போது வேண்டாம் அம்மா. ஸ்ட்ரோக்கில் தோளைப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து மூட்டு சற்றே இறங்கியிருக்கலாம். அதை இழுத்து உருவினால் வலி கூடத்தான் செய்யும். எழுப்பும்போதும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இடுப்புப் பக்கம் தாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை.

விரல் இறுக்கத்துக்கு ரெஹாப் டாக்டர் பொட்டுலினம் ஊசி போடுவதுண்டு. அழகுக்கு முகத்தில் போடுகிற அதே மருந்துதான், இங்கே தசையைத் தளர்த்த. சுமார் மூன்று மாதம் வேலை செய்யும். அந்த மூன்று மாதத்துக்குள் கையை நீட்டும் பயிற்சியும் ஸ்பிளிண்டும் (கையை நீட்டிப் பிடிக்கும் பட்டை) சேராவிட்டால் ஊசி வீண். எல்லாருக்கும் போட மாட்டார்கள், பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பினாங்குக்காரன்:
தனியாரில் பார்ப்பதாக இருந்தால் முதலில் தேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டின் இணையத்தளத்தில் டாக்டர் பெயரைத் தேடுங்கள். துறை ரெஹாபிலிட்டேஷன் மெடிசின் என்று இருக்க வேண்டும். இங்கே தீவில் "ரெஹாப் சென்டர்" என்று பலகை மாட்டிய எல்லா இடத்திலும் டாக்டர் இருப்பதில்லை. ஒரு இடத்தில் நான் கேட்டதற்கு "வாரம் ஒரு தடவை வருவார்" என்றார்கள், எந்தக் கிழமை என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம், அண்ணனுக்குச் சம்பளத்தில் பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்தார்களா? பிடித்திருந்தால் கேட்டுப் பாருங்கள். வேலையிடத்து விபத்தாக இல்லாவிட்டாலும் இயலாமைத் திட்டம் இருக்கிறது. வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடக்கிறது, மலாக்காவில் அவர்களுக்கே சொந்தமாக ரெஹாப் மையமும் உண்டு.

செந்தூல் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி. சம்பளச் சீட்டில் பெர்கெசோ பிடித்தது இருக்கிறது, அண்ணி பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். பெரியம்மாவிடம் பிசியோ சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன், முகம் சுளித்தார், ஆனால் சரி என்றார். சேராஸ்வாசி அக்கா, அந்த சேராஸ் மருத்துவமனைக்குப் போக எல்.ஆர்.டி. ரயில் வசதிப்படுமா?

சேராஸ்வாசி:
பண்டார் துன் ரசாக் என்றே ஸ்டேஷன் இருக்கிறது, ஸ்ரீ பெட்டாலிங் லைன். ஆனால் முதல் தடவை கிராப் டாக்சி எடுத்து வாசலிலேயே இறங்குங்கள். வலிக்கிற தோளோடு அவரை வெயிலில் நடக்க விடாதீர்கள்.