ஜெய்சல்மேரில் மதியம் ஆனால் வேன் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது, உள்ளே அப்பாவின் இன்சுலின் இருக்கிறது. உதவி தேவை

சக்கர வீடு:
தில்லி நண்பர்களுக்கு வணக்கம். முனிர்காவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் டெம்போ டிராவலரிலேயே குடியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான், மனைவி, அப்பா மூன்று பேர். மனைவிக்கு ஜெய்சல்மேரில் ஒரு ஹவேலியை, அதாவது பழைய மாளிகையை, அளந்து வரைபடம் போடும் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வரை இங்கேதான். சாம் போகும் சாலையில் ஒரு விடுதிக்காரர் மதிலோரம் வண்டியை நிறுத்த இடம் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்.

பிரச்சினை இதுதான். வண்டியில் இருப்பது 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், மேல்மூடி திறக்கிற வகை. சமையல் மேடைக்குக் கீழே ப்ளைவுட் பெட்டிக்குள் பொருத்தியிருக்கிறது. கூரையில் 400 வாட் சோலார், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியம் இரண்டு மணி வாக்கில் நின்றுவிடும். இருட்டிய பிறகு யாரும் தொடாமலே மறுபடி ஓட ஆரம்பிக்கும். நேற்று நாலு மணிக்கு உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 19 டிகிரி காட்டியது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடிமேல் கை வைத்துப் பார்க்கிறார்.

பேட்டரிதான் வெயிலில் போய்விட்டதோ என்று சந்தேகம். தில்லியிலிருந்து புதிதாக ஒன்று வரவழைக்கலாமா?

இன்னொன்று. தில்லி நம்பர் வண்டியை இங்கே இவ்வளவு நாள் வைத்திருந்தால் ராஜஸ்தான் நம்பர் வாங்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

ஆர்.கே.புரம் வாசி:
நம்பர் விஷயத்தை விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-ன்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு. ஏப்ரல் கடைசிக்கு ஒன்றும் வேண்டாம்.

சோலார் பேனலில் மண் படிந்திருக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு காற்று அடித்தாலே போதும்.

மாயாபுரி எலெக்ட்ரீஷியன்:
தம்பி, அவசரப்பட்டுப் பேட்டரி வாங்காதே. லித்தியம் பேட்டரி சின்னக் காசு இல்லை. முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்.

ஒன்று, ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வயர் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து எத்தனை வோல்ட் என்று பார். பேட்டரியில் பார்த்தால் போதாது. வயர் மெலிசாக இருந்தால் போகிற வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும்.

இரண்டு, கம்ப்ரஸர் பக்கத்தில் சின்ன கறுப்பு எலெக்ட்ரானிக் யூனிட் இருக்கும். டான்ஃபாஸ் கம்பெனி வகையாக இருந்தால், எல்.ஈ.டி. விளக்கு இணைத்திருக்கிற ஃப்ரிட்ஜில் கோளாறு வரும்போது அது சிமிட்டும். எத்தனை தரம் சிமிட்டிவிட்டு நிற்கிறது என்று எண்ணு. ஒன்று என்றால் வோல்டேஜ் குறைவு. இரண்டு என்றால் அதனுடைய ஃபேன் அதிக கரண்ட் இழுக்கிறது. மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை. நாலு என்றால் சுமை தாங்காமல் மோட்டார் வேகம் இறங்குகிறது. ஐந்து என்றால் யூனிட்டே சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. எண்ணாமல் எதையும் கழற்றாதே.

மயூர் விஹார் மாமி:
கம்ப்ரஸர் எனக்குத் தெரியாது, ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், இன்சுலின் தெரியும். அதை இன்றைக்கே கவனியுங்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வண்டியில் வைக்காதீர்கள். ஊருக்குள் நல்ல மருந்துக் கடையில் பேசி, அவர்கள் ஃப்ரிட்ஜிலேயே உங்கள் பேர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 25 முதல் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம். உங்கள் மருந்துக்கு என்ன கணக்கு என்று பெட்டியில் இருக்கும் சீட்டைப் பாருங்கள்.

வெளியே நாற்பது டிகிரி, முப்பதுக்குள் எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். மண் பானைதான். இரண்டு பானை வாங்குங்கள், சின்னது பெரியதற்குள் போகிற மாதிரி. நடுவில் மணல் போட்டு நனையுங்கள். பேனாவை ஈரம் படாமல் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரச் சாக்கு. நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாவதால் உள்ளே நன்றாகக் குளிரும். தில்லியில் ஜூலை மாதம் இதே பானை பிரயோஜனப்படாது, ஜெய்சல்மேர் ஏப்ரலில் பிரமாதமாக வேலை செய்யும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுவையுங்கள், நம்பிக்கைமேல் விடாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பானையின் துளைகளில் வெள்ளையாகப் படியும், அவ்வப்போது தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள்.

19 டிகிரியில் கிடந்தது கெட்டிருக்காது. ஆனால் தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் போடாதீர்கள். பயத்தில் ஐஸை ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்தால் அப்புறம் அது மருந்தே இல்லை. இந்த வாரம் அப்பாவுக்குச் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், ஏறினால் டாக்டரிடம் கேளுங்கள்.

சக்கர வீடு:
மாமி, கோடி நன்றி. திறக்காதது எல்லாம் இப்போது மருந்துக் கடையில் இருக்கிறது. பானையும் தயார். மூன்று மணிக்குப் பானைக்குள் 25 டிகிரி. அப்பா இப்போது பானையில் கை வைத்துப் பார்க்கிறார், முகத்தில் நிம்மதி.

அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஃப்ரிட்ஜ் முனையில் 13.1 வோல்ட். விளக்கு ஐந்து தரம் சிமிட்டுகிறது, நிற்கிறது, மறுபடி ஐந்து.

மாயாபுரி எலெக்ட்ரீஷியன்:
அப்போ தெளிவாகிவிட்டது. பேட்டரியும் நல்லது, வயரும் நல்லது, சோலாரும் நல்லது. ஃப்ரிட்ஜுக்கு மூச்சு முட்டுகிறது.

கம்ப்ரஸர் உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டை வெளியே தள்ள வேண்டும். ப்ளைவுட் பெட்டிக்குள் அந்தச் சூடு போக வழி இல்லை, அதே சூட்டுக் காற்று சுற்றிச் சுற்றி வருகிறது. தில்லி டிசம்பரில் பெட்டி கட்டியிருப்பார்கள், அப்போது தெரிந்திருக்காது. வெளியே 42 டிகிரி இருந்தாலும் அந்தக் காற்று கிடைத்தால் போதும், வேலை செய்யும். பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும்.

செய்ய வேண்டியது: பெட்டியின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் மேலே இன்னொன்று. கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரட்டும், மேலே சூடு போகட்டும். மேல் ஓட்டையில் ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், 120 மில்லிமீட்டர், காற்றை வெளியே இழுக்கிற திசையில். நேரு பிளேஸிலிருந்து வரவேண்டியதில்லை, அங்கேயே கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும். தனி ஃப்யூஸ் போடு. கீழ் ஓட்டைக்குக் கொசுவலைத் துணி, மணல் உள்ளே போகக் கூடாது. வாரம் ஒருமுறை உதறு. அதுவரை மதியத்தில் முன் பலகையைக் கழற்றி வை, அதுவே பாதி உதவும்.

பீக்கானேர் மாப்பிள்ளை:
மாமனார் வீடு பீக்கானேர் என்பதால் சொல்கிறேன். ஜெய்சல்மேர் மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பன்னிரண்டே முக்கால் வாக்கில். நிஜமான சூடு மூன்று, நாலு மணிக்கு, மேற்கிலிருந்து. சமையல் மேடை இருக்கும் பக்கம் கிழக்கையோ வடக்கையோ பார்க்கிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். பேனல் கூரைமேல் படுத்துக் கிடப்பதால் அதற்கு நஷ்டம் இல்லை. மே மாதம் மட்டும் அங்கே இருக்காதீர்கள். பக்கத்து பலோதியில்தான் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது.

சக்கர வீடு:
பலகையைக் கழற்றி, வண்டியையும் திருப்பி நிறுத்தினேன். இன்று ஐந்து மணி வரை நிற்கவே இல்லை, உள்ளே 7 டிகிரி. ஃபேன் நாளை போடுகிறேன். ராத்திரியும் அது ஓட வேண்டுமா, இல்லை பகலுக்கு மட்டும் சுவிட்ச் வைக்கட்டுமா?

மாயாபுரி எலெக்ட்ரீஷியன்:
சுவிட்ச் வேண்டாம், மறந்துவிடுவாய். யூனிட்டிலேயே ஃபேனுக்கு என்று தனி முனை இருக்கும், அதில் கொடு. கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் ஓடும், நின்றால் நிற்கும். ஃபேன் அரை ஆம்பியருக்குள் இழுக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்கு.