பனி கொட்டி ஓய்ந்த மறுநாளே ஏறலாமா?

பெரம்பூர்க்காரன்: ஜனவரி கடைசியில் சென்னையிலிருந்து ஒன்பது பேர் உத்தராகண்ட் போகிறோம். 3,800 மீட்டர் உச்சி. இரண்டு நாள் பனி கொட்டினாலும் மறுநாள் வானம் வெளுத்தால் ஏறிவிடலாம் என்கிறார் வழிகாட்டி. குழுவில் பாதிப் பேர் பனிச்சரிவுக்குப் பயந்து இன்னொரு நாள் காத்திருக்கலாம் என்கிறார்கள். வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்கு இது வீண் பயமாகத்தான் படுகிறது.

அடையாறு மலையேறி: வீண் பயம் இல்லை தம்பி. வெயில் அடிக்கும் அந்த முதல் நாள்தான் மிக மோசமான நாட்களில் ஒன்று. தட்டில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஓர் அப்பளத்தை வைத்துத் தட்டைச் சாய்த்துப் பார். பல நாள் கடுங்குளிரில் கிடக்கும் பனியின் அடியில் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள் உண்டாகும். அப்பளம் போல மேலே இருப்பது காற்று அடித்து இறுகிய பனிப் பலகை. அதில் புதுப்பனியின் பாரமும் ஏறியிருக்கும்போது நாம் கால் வைத்தால், பலகை மொத்தமாக உடைந்து சரியும். மலையேறப் போய்ப் பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான்.

பெரம்பூர்க்காரன்: அண்ணா, எங்கள் பாதை பெரும்பாலும் காட்டுக்குள்தான். அப்புறம், 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியவர்கள் மலையேற்றப் பயிற்சியில் இருந்தவர்கள், கூடவே பயிற்றுநர்களும் இருந்தார்கள். 27 பேரின் உடல்கள் கிடைத்தன. படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண்ணைத்தான் நான் நம்புவேன்.

கீழ்க்கட்டளை அக்கா: அந்தக் கண்ணை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்பது பேரும் குறித்த தேதியில் திரும்ப வேண்டும் என்று நின்றால் வழிகாட்டி என்ன செய்வார்? 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள், நம் மாநிலப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் அங்கே இருந்தே ஆக வேண்டியவர்கள். உங்களுக்கு என்ன கட்டாயம்?

அடையாறு மலையேறி: காடு என்பதும் போதாது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த வெட்டவெளி ஒன்று குறுக்கே வந்தாலே போதும். காலடியில் பொத்தென்று அமுங்கும் சத்தமோ, பனியில் ஓடும் விரிசலோ தெரிந்தால் அங்கேயே திரும்ப வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான்.

போன வருடம் எலியட்ஸ் கடற்கரையில் பழகிப் பார்த்தோம். புதைந்தவரைத் தேட ஆளுக்கொன்றாக உடம்பில் கட்டிக்கொள்ளும், சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் கருவிதான் பீக்கன். அதில் ஒன்றைப் பையில் சுற்றி முழங்கால் ஆழத்தில் புதைத்து, இன்னொன்றை வைத்துத் தேடினோம். அம்புக்குறி காட்டிய பக்கம் ஓடுவது சுலபம். கடைசி மூன்று மீட்டரில் கருவியை மணலோடு ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் மெதுவாக நகர்த்த வேண்டும். அங்கேதான் தடுமாறினோம். கைக்கு எட்ட 24 நிமிடம் ஆனது.

பெரம்பூர்க்காரன்: வழிகாட்டியிடம் இப்போதுதான் பேசினேன். உச்சிக்கு முன்னால் மரமே இல்லாத ஒரு பள்ளத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமாம், செங்குத்துதான் என்றார். சரி, ஒரு நாள் கூடுதலாக வைத்து ரயில் டிக்கெட்டை மாற்றுகிறேன். பீக்கன் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. மூன்று வாங்கத்தான் காசு இருக்கிறது.

அடையாறு மலையேறி: மூன்று போதாது. கட்டியிருக்காதவரைத் தேட அது உதவாது. ஒன்பது பேருக்கும் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று வழிகாட்டியிடமே கேள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்கு எல்லோரையும் கூட்டி வா, மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.